வாயிலும் படிக்கட்டும்: பல்கலைக்கழக அனுமதி பற்றிய எமது சிந்தனை – ஒரு மறுநோக்கு

இலங்கைத் தமிழரிடையே கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் 'தரப்படுத்தல்' என்ற சொல்லைப் போல ஆழமான வடுவை ஏற்படுத்திய கல்விசார் சொல் பிறிதொன்றில்லை எனலாம். அரசியல் மேடையிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் குடும்ப உரையாடலிலும் அது ஒரு தலைமுறையின் ஏமாற்றத்தைச் சுட்டும் சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. ஆயினும் அச்சொல் எமது சிந்தனையைத் தூண்டிய அளவுக்கு அதனை ஒரு வட்டத்தினுள் அடக்கியும் விட்டதோ என்ற ஐயம் எழுகின்றது. பல்கலைக்கழக அனுமதி பற்றி நாம் பேசியும் எழுதியும் வந்தவற்றை நோக்குமிடத்து, அவற்றிற் பெரும்பாலானவை ஒரேயொரு மாணவனை மனத்திற்கொண்டே அமைந்தன என்பது புலனாகும். அவன் ஆண், யாழ்ப்பாணத்தவன், நல்ல ஆய்வுகூடமுள்ள கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றவன், பொறியியற் பீடத்துக்கோ மருத்துவ பீடத்துக்கோ சென்றிருக்க வேண்டியவன். அவனுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ் மாணவர் சமுதாயம் முழுவதும் அவனே அல்லன்.

அரச உயர்கல்வியில் இனத்தாலும் பாலாலும் விளைந்த இடைவெளிகள் இந்நாட்டில் எங்ஙனம் குறைந்தன, எங்ஙனம் குறையாது நின்றன என்பதை மீண்டும் நோக்கி, அவற்றைப் பற்றிய எமது விமர்சனத்தையே விமர்சிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு வலியுறுத்தப்படும் கருத்து ஒன்றே. பல்கலைக்கழகத்தின் வாயிலில் புள்ளிகளைத் திருத்துவதால் இடைவெளி இடம் மாறுகின்றது. வாயிலுக்கு ஏறிவரும் படிக்கட்டாகிய பாடசாலையைச் செப்பனிட்டவிடத்தே அது உண்மையிற் குறைந்துள்ளது.

1

முதலில் நிகழ்ந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்தல் தகும். 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மொழிமூல அடிப்படையில் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்கச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயின. மருத்துவத்துக்கு இவ்வெல்லைகள் முறையே 250, 229 என அமைந்தன. 1973இல் மொழிமூலத் தரப்படுத்தல் முறையும் 1974இல் அதனோடு மாவட்ட ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தன. 1970இல் விஞ்ஞானம் சார்ந்த துறைகளில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாயிருந்த தமிழ் மாணவர் தொகை 1975 அளவில் ஐந்திலொரு பங்களவுக்கு வீழ்ச்சியுற்றது. ஐந்தாண்டுக்குள் நிகழ்ந்த இவ்வீழ்ச்சி ஓர் இளந்தலைமுறையின் அரசியலையே மாற்றியமைத்தது என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புக்கொள்வர்.

மொழிவழி வெட்டுப்புள்ளி முறையை எந்நியாயத்தாலும் ஆதரித்தல் இயலாது. ஒரே பரீட்சைக்குத் தோற்றிய இருவரை அவர்கள் விடையெழுதிய மொழியைக் கொண்டு வேறுபடுத்துவது பின்தங்கியோருக்குக் கைகொடுப்பதாகாது. கொழும்பின் வசதிமிக்க கல்லூரியிற் சிங்களத்திற் பயின்ற மாணவனுக்கு அது சலுகை வழங்கியது. முல்லைத்தீவின் சிற்றூரொன்றிலே தமிழிற் பயின்ற மாணவனுக்குத் தடை விதித்தது. வறுமையையோ பாடசாலையின் குறைபாட்டையோ அது அளக்க முற்படவே இல்லை. ஆகவே அதனை இனப் பாரபட்சம் எனக் கூறுவது மிகைக்கூற்றன்று.

மாவட்ட ஒதுக்கீடோ வேறொரு தன்மையது. எமது விமர்சனம் வழுவிய முதலிடம் இதுவே. மொழிவழி வெட்டுப்புள்ளியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே பெயரால் அழைத்து, இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தோம். 1974இன் மாவட்ட முறையால் இழப்படைந்தவை யாழ்ப்பாணமும் கொழும்புமாகும். கொழும்பில் இழந்தோருட் சிங்கள மாணவரும் இருந்தனர். பயன்பெற்றோருள் கண்டிப் பிரதேசச் சிங்களவரும் முஸ்லிம்களும் மாத்திரமன்றி மட்டக்களப்பு, மன்னார், வவுனியா ஆகிய இடங்களைச் சேர்ந்த தமிழ் மாணவரும் அடங்குவர். அதுவரை அப்பிரதேசங்களிலிருந்து மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ செல்வோர் மிக அரிதாகவே இருந்தனர். அவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் வந்ததை எமது எழுத்துகள் மகிழ்ச்சியோடு பதிவுசெய்தன என்று கூறமுடியுமா? யாழ்ப்பாணத்தின் இழப்பே தமிழரின் இழப்பு எனக் கொள்ளப்பட்டபொழுது, மன்னாரின் வரவு தமிழரின் வரவாகக் கணிக்கப்படவில்லை.

2

'திறமை' என்ற கருத்தும் மீள்பரிசீலனைக்குரியது. யாழ்ப்பாண மாணவரின் உயர்ந்த பெறுபேறுகள் அவர்தம் உழைப்பால் வந்தவை என்பது உண்மை. ஆயின் அவ்வுழைப்புக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுக்கால நிறுவன வளர்ச்சி இருந்தது என்பதும் உண்மையே. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் அமெரிக்க மிசனரிமாரால் நிறுவப்பட்டன. அதற்கு எதிர்வினையாகச் சைவக் கல்லூரிகள் தோன்றின; 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரி அமைந்தது. நீர்வளமும் கைத்தொழிலும் குறைந்த குடாநாட்டில் அரச உத்தியோகமே உயர்வுக்கு வழியாயிருந்தமையால் குடும்பங்கள் கல்வியிலே தம் செல்வத்தை முதலிட்டன. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் திரண்ட வளமே பரீட்சை மண்டபத்தில் ஒரு மாணவனின் புள்ளியாக வெளிப்பட்டது. புள்ளி பொய்யன்று; ஆனால் அது மாணவனை மாத்திரம் அளப்பதுமன்று.

இதே அளவுகோலை மலையகத்தின்மீது வைத்து நோக்குவோம். பெருந்தோட்டங்களிலே பாடசாலை எனப்பட்டது நெடுங்காலமாக ஒரு கொட்டகையும் ஓராசிரியரும் சில ஆரம்ப வகுப்புகளுமேயாம். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி அறிமுகமானபொழுது தோட்டப்பாடசாலைகள் அதன் முழுப்பயனைப் பெறாது ஒதுக்கிலே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் குடிகளாகவே கொள்ளப்படாதோரின் பிள்ளைகளுக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பு எங்ஙனம் கிட்டும்? 1970களிலேதான் தோட்டப்பாடசாலைகள் அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் அவற்றின் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் ஓரளவு முன்னேற்றங் கண்டன. வட்டுக்கோட்டைச் செமினரியின் தொடக்கத்துக்கும் இதற்குமிடையே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி உண்டு.

இங்கேதான் மாவட்ட ஒதுக்கீட்டின் மிகப் பெரிய குறைபாடு வெளிப்படுகின்றது. நுவரெலியா மாவட்டத்துச் சனத்தொகையில் ஏறத்தாழ அரைவாசியினர் மலையகத் தமிழர். மாவட்டத்துக்குரிய இடங்கள் அதன் மொத்தச் சனத்தொகையைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. எனவே லயங்களில் வாழும் தொழிலாளியின் தலையும் அக்கணக்கிற் சேர்கின்றது. அதனால் மாவட்டத்துக்கு இடம் கூடுகின்றது. ஆனால் அவ்விடத்தைப் பெறுதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை வேண்டும். அது தோட்டத்தில் இல்லை, நகரத்தில் இருந்தது. ஆகவே தொழிலாளியின் பெயரால் வந்த இடத்தில் அவர் பிள்ளை அமரவில்லை. மாணவரின் மாவட்டம் அவர் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளிற் பயின்ற பாடசாலையைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதால், வசதி படைத்த பிற மாவட்டத்தார் பின்தங்கிய மாவட்டத்துப் பாடசாலைகளிற் பிள்ளைகளைச் சேர்த்து அவ்விடங்களைக் கவர்ந்துகொள்ளும் வழக்கமும் தோன்றிற்று. மாவட்டம் என்பது நிலப்பரப்பின் பெயர், வறுமையின் பெயரன்று. ஒரே மாவட்டத்தினுள்ளே நகரக் கல்லூரியும் தோட்டப்பாடசாலையும் அடுத்தடுத்து இருக்க, இரண்டையும் ஒன்றாகக் கருதும் அளவுகோல் இடைவெளியை மறைக்குமேயன்றிக் குறைக்காது.

1979இல் அனுமதி முறை மாற்றப்பட்டு, 30 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கும் 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பங்கிடப்பட்டது. இன்று இவ்விகிதங்கள் 40, 55, 5 என நிற்கின்றன. கலைத்துறை பெரும்பாலும் அகில இலங்கைத் திறமையையே தழுவுகின்றது. விகிதங்கள் மாறியபோதிலும் மாவட்டமே அளவையின் அலகாக நீடிக்கின்றது. பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் உள்ளன, யாழ்ப்பாணமும் உள்ளது. 2009வரை நீடித்த போரின் அழிவுகள் அம்மாவட்டத்தை அந்நிலைக்குக் கொணர்ந்தன. 1974இல் எந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்குத் தீங்காயிருந்ததோ, அதன் வழிவந்த ஏற்பாடே இன்று யாழ்ப்பாண மாணவருக்குத் துணை நிற்கின்றது. இதனைக் குறைகூறுதற்காகக் கூறவில்லை. போரால் நலிந்த மாவட்டத்துக்குத் துணை வேண்டும் என்பது நியாயமாயின், வரலாற்றால் நலிந்த மாவட்டத்துக்குத் துணை வேண்டும் என்பதும் அன்றே நியாயமாயிருந்தது என்பதை நாம் ஏற்கவேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

3

இனி, எமது விமர்சனம் முற்றிலும் மறந்த மற்றோர் இடைவெளியை நோக்குவோம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது மாணவருட் பெண்கள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினரேயாவர். இன்று அரச பல்கலைக்கழகங்களின் மாணவருட் பெண்களே பெரும்பான்மையினர்; ஐவரில் மூவர் பெண்கள் எனலாம். இத்துணைப் பெரிய இடைவெளி எந்தவோர் ஒதுக்கீடுமின்றி மறைந்தது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. பெண்களுக்கென வெட்டுப்புள்ளி ஒருபோதும் குறைக்கப்பட்டதில்லை. பின் அது எங்ஙனம் நிகழ்ந்தது?

விடை பாடசாலையில் உள்ளது. கட்டணம் செலுத்திக் கற்பிக்க வேண்டியிருந்த காலத்திலே குடும்பம் தன் சிறு வருவாயை மகனுக்கே செலவிட்டது. 1945இன் பின் கட்டணம் நீங்கியது. கிராமங்களை அண்டி மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. தாய்மொழிமூலக் கல்வி ஆங்கிலம் அறியாத இல்லத்துப் பிள்ளைகளுக்கும் மேல்வகுப்புகளின் கதவைத் திறந்தது. 1960இலிருந்து கலைத்துறைப் பல்கலைக்கழகக் கல்வியும் சுயமொழிகளில் நடைபெறலாயிற்று. மகனா மகளா எனத் தெரிவுசெய்யவேண்டிய நிர்ப்பந்தம் தளர்ந்தபொழுது மகளும் படித்தாள். வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்திற் பாடசாலை அமைந்தமை எந்தச் சலுகையினும் பெரிய சலுகையாயிற்று. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறு ஆண்டிற் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் பலருக்கு உயர்கல்வியை எட்டும் பொருளாக்கியதும் இவ்வுண்மையையே உறுதிப்படுத்துகின்றது.

ஆயினும் பெரும்பான்மை என்ற எண் எம்மை மயக்கிவிடலாகாது. பெண்கள் நிறைந்திருப்பது கலைப் பீடங்களில். பொறியியற் பீடங்களில் அவர்கள் இன்றும் சிறுபான்மையினரே. பெண்மனம் கணிதத்தை நாடாது என இதற்குக் காரணங் கூறுவோர் உளர். அக்கூற்று ஆய்வுக்கு நில்லாது. மருத்துவ பீடங்களிற் பெண்கள் பெருந்தொகையினராய்ப் பயில்கின்றனர். பௌதிகமும் இரசாயனமும் அவர்களுக்குத் தடையாகவில்லை. உண்மைக் காரணங்களுள் ஒன்று பாடசாலைகளின் பகிர்வே. நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்டவை பத்திலொரு பங்களவினவே. அவை பெரும்பாலும் நகரங்களில் உள்ளன. கிராமத்து மகன் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்க அனுப்பப்படுகின்றான். மாலை வகுப்பு முடிந்து இருளிற் பேருந்திலே திரும்புகின்றான். மகளோ அருகிலுள்ள பாடசாலையில் எப்பிரிவு உண்டோ அப்பிரிவிற் சேர்கின்றாள். அது பெரும்பாலும் கலைப்பிரிவே. பதினாறு வயதில் எடுக்கப்படும் இம்முடிவு அவளுடைய முடிவன்று. ஆயினும் பின்னர் பட்டதாரியாகி வேலையின்றி நிற்கும்பொழுது அவள் தெரிந்த துறையே தவறென அவள்மீது பழி சுமத்தப்படுகின்றது.

மலையகத்துப் பெண்ணை நினைத்தால் மேற்கூறிய இரு இடைவெளிகளும் ஒன்றுசேர்ந்து ஒருத்தியின்மேற் பொறுப்பது தெளிவாகும். கொழுந்து பறிக்கும் தாய் அதிகாலையில் மலையேறிய பின் தம்பி தங்கையரைப் பார்ப்பவள் அவளே. விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலை மலைக்கு அப்பால் நகரத்தில் இருக்கும். மாவட்ட ஒதுக்கீடு அவளைக் காணாது. பெண்கள் பெரும்பான்மையினர் என்ற புள்ளிவிவரமும் அவளைக் காணாது. இரண்டு கணக்கிலும் அவள் ஓர் இலக்கமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றாள் என்பதுதான் இதிலுள்ள முரண்.

நிறுவனங்களின் உயர்நிலையிலும் இடைவெளி உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு 1999இல் சாவித்திரி குணசேகர துணைவேந்தரானமையே இந்நாட்டில் ஒரு பெண் அப்பதவியை வகித்த முதல் நிகழ்வாகும். 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வசந்தி அரசரத்தினம் முதற் பெண் துணைவேந்தராக 2011இல் நியமிக்கப்பட்டார். மாணவருட் பெரும்பான்மையினராயிருப்போர் தலைமையில் அரிதாயிருப்பது ஏன் என்ற வினாவை எமது சங்கங்களும் தம்மைநோக்கிக் கேட்டுக்கொள்ளலாம்.

4

இவ்வாறு கூறுவதற்கு எதிராக இரு தடைகள் எழக்கூடும். இனப் பாரபட்சத்தால் ஒரு சமூகம் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்க, அச்சமூகத்தின் உள்ளே உள்ள ஏற்றத்தாழ்வுகளைப் பேசுவது அதன் நியாயத்தைப் பலவீனப்படுத்தாதா என்பது ஒன்று. சாதிபற்றிப் பேசியபோதும் இதே தடை கூறப்பட்டது. 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்து ஆலயங்களிலும் தேநீர்க் கடைகளிலும் சமவுரிமை கேட்டோரிடம், தமிழரின் ஒற்றுமையைக் குலைக்காதீர் எனப்பட்டது. வகுப்பறையில் ஒதுக்கி இருத்தப்பட்ட பிள்ளைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் உள்ள தொடர்பை எமது கல்வியாளர் விரிவாக ஆராயாது விட்டமைக்கு அவ்வச்சமே காரணமாகலாம். ஆனால் சமத்துவத்தைக் கேட்போனின் நியாயம், அவன் அதனைப் பிறர்க்கும் வழங்க முன்வரும்போதே வலுப்பெறுகின்றது. கொழும்பைநோக்கிக் கேட்ட கேள்வியை எமது மாவட்டத்துள்ளும் எமது வீட்டினுள்ளும் கேட்கத் தயங்குவோமாயின், நாம் கேட்டது சமத்துவமன்று, இழந்த முதலிடமே.

மற்றைய தடை நடைமுறை சார்ந்தது. படிக்கட்டைச் செப்பனிடுவதற்குப் பல்லாண்டுகள் செல்லும். அதுவரை வாயிலில் ஏதும் செய்யலாகாதா என்பதாகும். இது வலுவான தடை. தகுதிபெறுவோரில் நால்வருள் ஒருவரளவுக்கே இடமுள்ள நாட்டில் ஒதுக்கீட்டை உடனடியாக நீக்கினால் முல்லைத்தீவும் மொனராகலையும் மீண்டும் வெறுமையாகும். ஆகவே ஒதுக்கீடு வேண்டாமென்பது எமது கருத்தன்று. அதன் அலகு மாறவேண்டும் என்பதே கருத்து. மாவட்டத்துக்குப் பதிலாக மாணவர் பயின்ற பாடசாலையின் தரமும் வசதியும் கணிக்கப்படுமாயின், நகரக் கல்லூரியில் அண்மையிற் சேர்ந்தவர் தோட்டப்பாடசாலையிற் பயின்றவரின் இடத்தைக் கொள்ளுதல் அரிதாகும். பாடசாலைகள் ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்டுள்ளன. எப்பாடசாலையில் எப்பிரிவு உண்டு என்பதைக் கல்வி அமைச்சு அறியும். எனவே அளத்தற்கு வழியில்லை என்ற வாதம் ஏற்புடைத்தன்று.

இதனோடு மூன்று செயல்கள் உடன்நிகழ வேண்டும். ஒவ்வோராண்டும் அனுமதி பெற்றோரின் விவரம் மாவட்டவாரியாக மாத்திரமன்றிப் பாடசாலை வகை, பால், துறை என்ற அடிப்படைகளிலும் வெளியிடப்படல் வேண்டும். காணப்படாத இடைவெளி மூடப்படுவதில்லை. இரண்டாவதாக, தோட்டப்பகுதிகளிலும் வன்னியிலும் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகளோடு பெண்பிள்ளைகளுக்கான விடுதிகள் அமைதல் வேண்டும். ஆய்வுகூடம் கட்டி விடுதி கட்டாது விடின் அவ்வாய்வுகூடம் ஆண்பிள்ளைகளுக்கே பயன்படும். மூன்றாவதாக, குறைந்த புள்ளியுடன் உள்ளே வருவோருக்கு முதலாண்டில் ஆங்கிலத்திலும் அடிப்படைப் பாடங்களிலும் துணைக்கல்வி வழங்கப்படல் வேண்டும். வாயிலைத் திறந்துவிட்டு உள்ளே கைவிடுவது மற்றொரு வகை விலக்கலேயாகும்.

பேராதனை வளாகத்திலிருந்து நோக்கும் எவரும் அந்தானை மலையைக் காண்பர். அதன் சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. தொழிலாளர் குடியிருப்புகள் உள்ளன. அங்கிருந்து பல்கலைக்கழக மண்டபங்களுக்கு உள்ள தூரம் சில மைல்களேயாம். பல்கலைக்கழகம் அங்கு எழுந்த காலந்தொட்டு அத்தூரத்தைக் கடந்து மாணவராய் உள்ளே வந்தோர் எத்தனைபேர் என்ற வினாவை எமது முன்னோர் கேட்டிருக்கலாம். நாமேனும் கேட்டாக வேண்டும். 1971இல் யாழ்ப்பாணத்து மாணவனுக்கு மறுக்கப்பட்ட 23 புள்ளிகளை நாம் மறக்கவேண்டியதில்லை. அக்கணக்கை மனத்திற் பேணிய அதே கவனத்தோடு அந்தானைச் சரிவில் வாழும் பெண்பிள்ளையின் கணக்கையும் பேணுவோமாயின், எமது விமர்சனம் ஒரு வடுவின் நினைவாக மாத்திரம் நில்லாது கல்விச் சமத்துவத்துக்கான குரலாகவும் அமையும்.